மாதம் இரண்டு நாள் சிப்பாய்: பகுதிநேரப் படையை எங்கிருந்து நவீனமாக்குவது?

கேள்வி இதுதான்: உள்நாட்டில் வெள்ளம், புயல், காட்டுத்தீ என்றால் ஓடிவர வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் முழுநேரப் படைக்கு ஈடாக நிற்கவும் வேண்டும். இப்படி ஒரு பகுதிநேரப் படையை நவீனமாக்க ஒரு நாடு முதலில் எதில் கை வைக்க வேண்டும்? ஆயுதத்திலா, பயிற்சியிலா, சட்டத்திலா? இரண்டு வேலைக்கும் ஒரே படை போதுமா, தனித்தனியாகப் பிரித்துவிடலாமா?

என் பதில்: முதலில் கை வைக்க வேண்டியது நேரத்தில். ஆயுதமெல்லாம் அப்புறம். பிரிக்கவும் தேவையில்லை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

பகுதிநேரச் சிப்பாய் என்பவர் வாரநாளில் மெக்கானிக்காகவோ ஆசிரியராகவோ கணக்கராகவோ இருப்பவர். மாதத்தில் ஒரு வாரக்கடைசி, வருடத்தில் இரண்டு வாரம், இவ்வளவுதான் அவர் படைக்குத் தருவது. அமெரிக்காவின் நேஷனல் கார்டை எடுத்துக்கொள்வோம். உலகிலேயே பெரிய பகுதிநேரப் படைகளில் ஒன்று, நான்கு லட்சத்துக்கு மேல் ஆட்கள். பன்னிரண்டு வாரக்கடைசி என்றால் 24 நாள், அதோடு கோடை முகாம் 15 நாள், ஆக 39 நாள். இந்தக் கணக்கு எப்போது வந்தது தெரியுமா? 1916-இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில். வருடத்துக்கு 48 டிரில், 15 நாள் முகாம் என்று அந்தச் சட்டம் வகுத்தது. அப்போது டிரில் என்றால் வேலை முடிந்த பிறகு மாலையில் கூடி அணிவகுத்துப் பழகுவது. இன்றைக்கு ஒரு சனி ஞாயிறை நான்கு டிரிலாகக் கணக்கிடுகிறார்கள். மற்றபடி சட்டகம் அதேதான்.

நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு சிப்பாய்க்குத் துப்பாக்கி, அணிவகுப்பு, கொஞ்சம் முதலுதவி தெரிந்தால் பெரும்பாலும் போதும். இன்றைக்கு அவருக்கு மறையீட்டு ரேடியோ (பேச்சை எதிரி கேட்காதபடி குறியீடாக்கி அனுப்புவது), இரவுப் பார்வைக் கருவி, டிரோன், ரசாயனத் தாக்குதல் உடை, போர்க்கள முதலுதவி, படை நடத்தை விதிகள் எல்லாம் தெரிய வேண்டும். பாடம் பத்து மடங்கு ஆகிவிட்டது, வகுப்பு நேரம் மட்டும் அப்படியே நிற்கிறது. நவீனமாக்குவது பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்த 39 நாளில் உண்மையான பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது?

ஒரு வாரக்கடைசியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆஜர் எடுக்கிறார்கள். சிலர் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருப்பார்கள். ஆஜர் முடிந்ததும் அடையாள அட்டை காலாவதியானவர்கள் ஒரு வரிசை, பல் பரிசோதனை பாக்கியிருப்பவர்கள் ஒரு வரிசை, தடுப்பூசி ஒரு வரிசை. கட்டாய இணையவழிப் பாடம் முடிக்காதவர்கள் இருபது பேர், ஓடுகிற கணினி நான்கு. ஒன்பதரைக்கு ஆயுதக் கிடங்கு திறக்கிறார்கள். ஒவ்வொரு துப்பாக்கியாக எண்ணைப் படித்து, கையெழுத்து வாங்கி, கொடுத்து முடிக்க மணி பதினொன்று. வண்டிகளை வெளியே எடுக்கலாம் என்று போனால், ஒரு மாதம் கிளப்பாமல் கிடந்ததில் இரண்டு லாரிக்கு பேட்டரி இறங்கியிருக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டரை மணிக்குத்தான் பிளட்டூன், அதாவது முப்பது நாற்பது பேர் கொண்ட குழு, மைதானத்துக்குப் போகிறது. மறுநாள் மதியமே ஆயுதம் துடைத்து, எண்ணி, திருப்பி வைக்கும் வேலை தொடங்கிவிடும். இரண்டு முழு நாள் என்று தாளில் இருக்கிறது. கையில் மிஞ்சுவது ஆறேழு மணி நேரம். எல்லா யூனிட்டிலும் இப்படியே நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் பகுதிநேரப் படை எங்கே இருந்தாலும் இந்தக் காட்சியை அங்கிருப்பவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இதைச் சரிசெய்ய ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். ஒவ்வொரு யூனிட்டிலும் வாரம் முழுக்க இருக்கும் முழுநேர ஊழியர்கள் சிலர் உண்டு. கிளார்க், மெக்கானிக், கிடங்குப் பொறுப்பாளர், பயிற்சி சார்ஜென்ட். இவர்கள் போதுமான எண்ணிக்கையில் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் லாரி ஓடும் நிலையில் நிற்கும், பயிற்சி மைதானம் பதிவாகியிருக்கும், மருத்துவக் கோப்பு சரியாக இருக்கும். பட்ஜெட் வெட்டும்போது இவர்கள்தான் கண்ணில் படுவார்கள், ஏனென்றால் இவர்கள் சண்டைக்குப் போகிறவர்களாகத் தெரிவதில்லை. என்னைக் கேட்டால் நூறு பகுதிநேரச் சிப்பாய்களின் நேரத்தைக் காப்பாற்றும் இந்த நாலைந்து பேர்தான் மொத்தப் படையிலும் லாபகரமான முதலீடு.

இணையவழிப் பாடத்தை வீட்டில் கைபேசியில் முடிக்கவிட்டு, அந்த நேரத்துக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். சம்பளம் இல்லாமல் வீட்டுப்பாடம் கொடுத்தால் நல்ல சிப்பாய்கள்தான் முதலில் களைத்துப் போவார்கள். சில படைகள் பன்னிரண்டு சிறு வாரக்கடைசிகளுக்குப் பதிலாக, ஆறேழு முறை மூன்று நான்கு நாட்கள் சேர்த்துக் கூடுகின்றன. கிடங்கு திறந்து மூடும் நேரம் பாதியாகக் குறையும். ஆனால் வேலை கொடுத்தவருக்கு வெள்ளி, திங்கள் இரண்டு நாளும் ஆள் இல்லை. அதனால் இதை யூனிட் யூனிட்டாக, அந்தப் பகுதியில் என்ன வேலை செய்பவர்கள் அதிகம் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

சரி, நேரத்துக்கும் வெளிநாட்டுப் பணிக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு 1990 சம்பவத்தை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அந்த வருடம் ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தது. சில ஆயிரம் பேர் கொண்டது ஒரு பிரிகேட், பல பிரிகேடுகள் சேர்ந்தது ஒரு டிவிஷன். அமெரிக்கத் தரைப்படையின் 24-ஆவது டிவிஷனுக்கு மூன்றாவது பிரிகேடாகச் சேர வேண்டியது ஜார்ஜியா மாநில நேஷனல் கார்டின் 48-ஆவது பிரிகேட். அப்படித்தான் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் டிவிஷன் கிளம்பும்போது அந்த இடத்தில் ஒரு முழுநேர பிரிகேடை அனுப்பினார்கள். 48-ஆவது பிரிகேடுக்கு நவம்பர் கடைசியில்தான் அழைப்பு வந்தது. கலிஃபோர்னியா பாலைவனத்தில் ஃபோர்ட் இர்வினில் வாரக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள். 'தயார்' என்று சான்று கிடைத்த நாள் 1991 பிப்ரவரி 28. போர் நிறுத்தம் வந்ததும் அதே நாள்.

அந்தச் சிப்பாய்களுக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. வேலையை விட்டு, குடும்பத்தை விட்டு மூன்று மாதம் உழைத்தவர்கள். பகுதிநேரக்காரர்கள் லாயக்கில்லை என்று அப்போது சிலர் பேசினார்கள். அது சரியில்லை. அதே போரில் நேஷனல் கார்டின் இரண்டு பீரங்கி பிரிகேடுகள், அர்கான்சாஸ், டென்னசி முதலான மாநிலங்களிலிருந்து வந்தவை, களத்தில் நின்று சுட்டன. வித்தியாசம் ஆட்களின் தரத்தில் இல்லை, வேலையின் வகையில் இருக்கிறது. பீரங்கிக் குழுவின் திறமை எட்டு பத்து பேர் சேர்ந்து ஒரு பீரங்கியைச் சுற்றிப் பழகுவதில் வருகிறது. மாதம் ஒருமுறை கூடினாலும் அது கையில் நிற்கும். டாங்கி பிரிகேட் அப்படி இல்லை. டாங்கி, காலாட்படை, பீரங்கி, பொறியாளர், எரிபொருள் லாரி, ஹெலிகாப்டர் எல்லாம் நகர்ந்துகொண்டே ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அதைக் கட்டுப்படுத்தும் கர்னலும் அவர் அலுவலகமும் அதைப் பழக வேண்டுமென்றால் மூவாயிரம், நாலாயிரம் பேர் ஒரே மைதானத்தில் பல வாரம் இருக்க வேண்டும். 39 நாளில் அது நடக்காது. யார் முயன்றாலும் நடக்காது.

அதனால் வாக்குறுதியை நேரத்துக்குத் தக்கபடி கொடுக்க வேண்டும். சண்டைப் பிரிவுகளில் கம்பெனி அளவு வரை, அதாவது நூறு நூற்றைம்பது பேர் வரை, எப்போதும் தயாராக வைத்திருக்கலாம். மருத்துவம், போக்குவரத்து, பாலம் கட்டுதல், குடிநீர் சுத்திகரிப்பு, தகவல் தொடர்பு போன்ற பிரிவுகளை முழு யூனிட்டாகவே நம்பலாம். பிரிகேட் வேண்டுமென்றால் அழைத்த பிறகு மாதக்கணக்கில் பயிற்சி உண்டு என்று திட்டத்திலேயே நேர்மையாக எழுத வேண்டும். அப்படி நேரம் கொடுத்தபோது என்ன ஆனது என்பதும் வரலாற்றில் இருக்கிறது: 2005-இல் ஒரு கட்டத்தில் இராக்கிலிருந்த அமெரிக்கச் சண்டை பிரிகேடுகளில் பாதிக்குக் கிட்ட நேஷனல் கார்டைச் சேர்ந்தவை.

அந்த இராக் காலம் இன்னொரு பாடத்தையும் சொல்லிக் கொடுத்தது. ஆரம்பத்தில் அழைப்பு வந்தால் பயிற்சி, பயணம், போர்முனை எல்லாம் சேர்த்து ஒன்றரை வருடம் வீட்டை விட்டுப் போனவர்கள் உண்டு. 2007 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் கேட்ஸ் ஒரு விதி கொண்டுவந்தார்: ஒரு அழைப்பு பயிற்சியையும் சேர்த்து 12 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு வருடம் பணி, ஐந்து வருடம் வீடு என்பதை இலக்காகவும் வைத்தார்கள். சிப்பாய்க்கும் அவர் மனைவிக்கும் முதலாளிக்கும் தேவைப்பட்டது இந்த முன்தகவல்தான். எப்போது போவோம் என்று ஒன்றிரண்டு வருடம் முன்னாலேயே தெரிந்தால் குடும்பம் தாங்கும். நாளைக்கா அடுத்த வருடமா என்று தெரியாமல் இருப்பதுதான் ஆளை வெளியே தள்ளும்.

இனி கருவிகளுக்கு வருகிறேன். இங்கேதான் உள்நாட்டுப் பணியும் வெளிநாட்டுப் பணியும் நேருக்கு நேர் மோதின.

2003-லிருந்து இராக்குக்குப் போகும் நேஷனல் கார்டு யூனிட்டுகளுக்குக் கருவி போதவில்லை. அதனால் ஊரில் இருக்கும் யூனிட்டுகளிடமிருந்து லாரி, ரேடியோ, இரவுப் பார்வைக் கருவி எல்லாவற்றையும் எடுத்துப் போகிறவர்களிடம் கொடுத்தார்கள். 2005 நடுவில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் பார்த்தபோது, ஊரில் இருந்த யூனிட்டுகளிடம் இருக்க வேண்டிய கருவிகளில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. அந்த ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் கரையைக் கடந்து நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. நாடு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 50,000 கார்டு வீரர்கள் வந்தார்கள். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. தண்ணீரில் போகிற உயரமான லாரிக்கும், ஒருவரோடு ஒருவர் பேசுகிற ரேடியோவுக்கும்தான் பஞ்சம்.

அதற்குப் பிறகுதான் இரண்டு பணிக்கும் உதவும் கருவிகளுக்கென்று ஒரு தனிப் பட்டியல் வைத்துக் கண்காணிக்கத் தொடங்கினார்கள். லாரி, ஜெனரேட்டர், ஹெலிகாப்டர், மண்வாரி இயந்திரம், குடிநீர் சுத்திகரிப்பு அலகு, ரேடியோ ஆகியவை இந்த வகையில் வரும். பகுதிநேரப் படைக்குப் பணம் வரும்போது இந்தப் பட்டியலில்தான் முதலில் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டாங்கி உள்நாட்டில் உதவாது. பாலம் கட்டும் யூனிட் வெள்ளத்திலும் போர்முனையிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் யூனிட் தன் லாரிகளை ஊரில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அங்கே ஏற்கெனவே நிற்கும் வண்டிகளை எடுத்துக்கொள்ளட்டும். வெள்ளக் காலத்தில் கிடங்கு காலியாக இருக்கக் கூடாது.

ரேடியோ பற்றி ஒரு வார்த்தை. படையின் ரேடியோ மறையீட்டில் இயங்குவது. தீயணைப்புத் துறையின் ரேடியோ வேறு அலைவரிசை. இரண்டும் ஒன்றையொன்று கேட்காது. பத்தடி தூரத்தில் நிற்கும் தீயணைப்பு அதிகாரியிடம் சொல்ல ஒரு சிப்பாயை ஓடவிட்ட நிலைமை நிஜமாகவே இருந்திருக்கிறது. பல வகை ரேடியோக்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுக்கும் கருவி இப்போது ஒரு சிறு டிரெய்லரில் அடங்கிவிடுகிறது. விலையும் ஒரு போர் விமானத்தின் பக்கத்தில்கூட வராது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒன்று நிற்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறையாவது போலீஸ், தீயணைப்பு, மருத்துவமனை எல்லாரையும் கூட்டி அதை இயக்கிப் பார்க்க வேண்டும்.

படையை இரண்டாகப் பிரிக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு சம்பவத்தையே பதிலாகத் தருகிறேன். 2020 செப்டம்பர் 5, கலிஃபோர்னியாவில் கிரீக் ஃபயர் என்ற காட்டுத்தீ. மாமத் பூல் என்ற நீர்த்தேக்கத்தில் முகாமிட்டிருந்த மக்களைச் சுற்றி எல்லாச் சாலைகளையும் தீ அடைத்துவிட்டது. இரவு, புகை, மலை. நேஷனல் கார்டின் ஒரு சினூக்கும் ஒரு பிளாக் ஹாக்குமாக இரண்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. விமானிகள் இரவுப் பார்வைக் கண்ணாடி வழியாக, நெருப்பின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்க, படகுத்துறைப் பக்கம் இறக்கினார்கள். சுமார் முப்பது பேர் உட்காரும் சினூக்கில் ஒரு நடையில் நூறு பேருக்கு மேல் ஏற்றினார்கள். விடிவதற்குள் 200-க்கும் அதிகமானோரை வெளியே கொண்டுவந்தார்கள். புகைக்குள், சரிவில், இரவில், கூடுதல் எடையோடு ஹெலிகாப்டரை இறக்கும் துணிச்சலும் கைப்பழக்கமும் பேரிடர் ஒத்திகையில் மட்டும் வருவதில்லை. அது போர்முனைக்கான பயிற்சியிலிருந்து வருவது. உள்நாட்டுக்கு மட்டும் என்று ஒரு படையை வைத்தால் இந்தத் திறமை கரைந்துவிடும். வெளிநாட்டுக்கு மட்டும் என்றால் ஹெலிகாப்டர் எங்கோ ஒரு தளத்தில் நிற்கும்.

ஆனால் எல்லா உள்நாட்டுப் பணியும் இப்படி இல்லை. கலவரத்தின்போது சொந்த மக்கள் முன்னால் ஆயுதத்தோடு நிற்பது முற்றிலும் வேறு வேலை. போரில் கற்ற அனிச்சைச் செயல் அங்கே உயிரைக் குடிக்கும். எப்போது கை ஓங்கலாம், எப்போது பின்வாங்க வேண்டும் என்பதைத் தனியாக, நேரம் ஒதுக்கிச் சொல்லித்தர வேண்டும். அது முடியாத யூனிட்டை அந்தப் பணிக்கு அனுப்பவே கூடாது.

யார் கட்டளையிடுவது என்பதிலும் தெளிவு வேண்டும். அமெரிக்காவில் கார்டு வீரருக்கு இரண்டு எஜமானர்கள்: சாதாரணமாக மாநில ஆளுநர், அழைத்துக்கொண்டால் ஜனாதிபதி. கத்ரீனாவில் ஒரே நகரத்தில் ஆளுநரின் கட்டளையில் ஒரு படையும் மத்திய அரசின் கட்டளையில் இன்னொரு படையும் இரண்டு தளபதிகளின் கீழ் வேலை செய்தன. 1878-இல் வந்த ஒரு சட்டம் மத்தியப் படை போலீஸ் வேலை செய்வதைத் தடுக்கிறது, மாநிலக் கட்டளையில் இருக்கும் கார்டுக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே இரண்டையும் ஒரே சட்டத்தில் அடைக்க முடியாது. வந்த தீர்வு எனக்குப் பிடித்தமானது: ஒரே அதிகாரிக்கு இரண்டு தொப்பி. அவர் மாநிலப் படைக்கும் தளபதி, மத்தியப் படைக்கும் தளபதி, இரண்டு கட்டளைச் சங்கிலியும் அவரிடம் வந்து சேரும். 2004 ஜி-8 மாநாட்டுப் பாதுகாப்பில் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2012-இல் சாண்டி புயலின்போது பல மாநிலங்களில் இதுதான் நடந்தது. கூட்டாட்சி இருக்கும் எந்த நாட்டுக்கும் இந்த ஏற்பாடு யோசிக்கத் தகுந்தது.

இப்போது பலரும் கவனிக்காத ஒரு சிக்கல். ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருக்கிறார்.

பகுதிநேரப் படையில் சேருபவர்கள் யார்? நர்ஸ், ஆம்புலன்ஸ் ஊழியர், போலீஸ்காரர், தீயணைப்பு வீரர் இதில் நிறையப் பேர். இயல்பாகவே சேவை மனம் உள்ளவர்கள்தான் வருகிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் படையின் மருத்துவ யூனிட்டை அழைத்தால், அந்த நர்ஸ் ஏற்கெனவே ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருக்கிறார். சீருடை மாட்டி அவரை வேறு ஊர் மருத்துவமனைக்கு அனுப்பினால் நாட்டின் மொத்த நர்ஸ் எண்ணிக்கையில் ஒருவர்கூட ஏறவில்லை. அரசு மட்டும் தன் கணக்கில் இரண்டு பேர் என்று எழுதிவைத்திருக்கிறது.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு வீரரும் வெளியே என்ன வேலை செய்கிறார் என்று ஒரு பதிவேடு, வருடா வருடம் புதுப்பித்து வைக்க வேண்டும். பேரிடர் அழைப்பில் அத்தியாவசிய வேலையில் இருப்பவரை அங்கேயே விட்டுவிட வேண்டும். அழைத்தால் எத்தனை பேர் உண்மையில் வருவார்கள் என்ற கணக்கு அப்போதுதான் நம்பத் தகுந்ததாகும்.

அந்தப் பதிவேடு இன்னொரு கதவையும் திறக்கும். வாரநாளில் பெரிய கணினி வலையமைப்பைப் பாதுகாக்கும் பொறியாளர் சீருடையில் லாரி ஓட்டிக்கொண்டிருப்பார், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். 2007 ஏப்ரல் கடைசியில் எஸ்டோனியாவின் அரசு, வங்கி, பத்திரிகை இணையதளங்கள் தாக்கப்பட்டன. அதிலிருந்து பாடம் கற்ற அந்தச் சின்ன நாடு தன் தன்னார்வப் பாதுகாப்பு லீகுக்குள் இணையப் பாதுகாப்புக்கென்று ஒரு பிரிவை வைத்தது. தனியார் துறை நிபுணர்களே அதில் பகுதிநேர உறுப்பினர்கள். 2019-இல் லூசியானாவின் பள்ளி நிர்வாகங்களையும் டெக்சாஸின் 22 உள்ளாட்சி அமைப்புகளையும் பணம் பறிக்கும் வைரஸ் தாக்கியபோது நேஷனல் கார்டின் கணினிக் குழுக்களும் உதவிக்குப் போயின. முழுநேரப் படை அந்தச் சம்பளத்தில் அப்படிப்பட்டவர்களை வைத்திருக்க முடியாது. பகுதிநேரப் படை மட்டும்தான் முடியும்.

இந்தியாவின் பிராந்திய ராணுவத்திலும் இந்த எண்ணம் பழையது. 1949-இல் தொடங்கிய அந்தப் படையில் ரயில்வே, எண்ணெய்த் துறை ஊழியர்களைக் கொண்ட யூனிட்டுகள் உண்டு. அன்றாடம் செய்யும் தொழிலையே சீருடையில் செய்வதால் அவர்களுக்குத் தனியாகத் தொழில் சொல்லித்தர வேண்டியதில்லை. படைப்பயிற்சி மட்டும் கொடுத்தால் போதும். நேரப் பஞ்சத்துக்கு இதைவிட நேரடியான மருந்து நான் பார்த்ததில்லை. 1982-லிருந்து அதே படையில் மரம் நட்டு மலைகளை மீட்கும் சுற்றுச்சூழல் பட்டாலியன்களும் இருக்கின்றன. முன்னாள் ராணுவத்தினரின் அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது.

உள்நாட்டுப் பணியில் ஒரு எல்லையும் வேண்டும். 2021-இல் மாசசூசெட்ஸில் பள்ளி வாகனம் ஓட்ட கார்டு வீரர்களை அழைத்தார்கள். 2022-இல் நியூ மெக்ஸிகோவில் வகுப்பறையில் மாற்று ஆசிரியர்களாகச் சென்றார்கள். நெருக்கடியில் குழந்தைகளுக்காகச் செய்ததைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வேறு எந்தத் துறையில் ஆள் குறைந்தாலும் படையைக் கூப்பிடு என்பது பழக்கமானால், படைக்கென்று இருந்த கொஞ்ச நேரமும் போய்விடும். வாழ்வா சாவா என்ற நிலை இருக்கிறதா, படையிடம் மட்டுமே இருக்கும் திறமை தேவையா, எந்தத் தேதியில் முடியும் — இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் அழைப்பாணை போகக் கூடாது.

வேலை கொடுப்பவர் பக்கமும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1994 சட்டம் ஒன்று திரும்பி வரும் வீரருக்குப் பழைய வேலையைத் தரச் சொல்கிறது, பொதுவாக ஐந்து வருடம் வரையிலான சேவைக்கு. சட்டம் நல்லதுதான். ஆனால் ஆறு பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒருவர் ஒரு வருடம் போனால் சட்டம் அந்த முதலாளிக்கு ஆறாவது ஆளைத் தராது. ஆஸ்திரேலியா, ரிசர்வ் வீரர் (அங்கே பகுதிநேரப் படைக்கு ரிசர்வ் என்று பெயர்) பணியில் இருக்கும் காலத்துக்கு முதலாளிக்கு வாராவாரம் தொகை தரும் திட்டத்தை வைத்திருக்கிறது. பிரிட்டன் 2014-இலிருந்து சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு, அழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் மாதம் 500 பவுண்ட் வரை கூடுதலாகத் தருகிறது. 2020 ஜனவரியில் காட்டுத்தீக்காக 3,000 ரிசர்வ் வீரர்கள் வரை ஆஸ்திரேலியா கட்டாயமாக அழைத்தது. அந்த நாட்டில் பேரிடருக்கு அப்படி அழைத்தது அதுவே முதல் முறை. முதலாளிக்கு இழப்பீடு கிடைக்கும் ஏற்பாடு முன்பே இருந்தது அப்போது கைகொடுத்தது.

காகிதப் பிரச்சினையை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அமெரிக்காவில் பகுதிநேர வீரரைப் பணிக்கு அழைக்க சுமார் முப்பது விதமான சட்ட நிலைகள் உண்டு. ஒரே கூடாரத்தில், ஒரே வேலையை, ஒரே ஆபத்தில் செய்யும் இரண்டு பேருக்கு ஆணையில் இருக்கும் பிரிவு எண் மாறினால் மருத்துவக் காப்பீடும் கல்வி உதவியும் மாறிப்போன காலம் இருந்தது. அடிபட்டுத் திரும்பியவர் தன் காயம் எந்தப் பிரிவில் பட்டது என்று நிரூபிக்க வேண்டியிருந்தால் அது அநியாயம். நாலைந்து நிலைகள் போதும். படையில் இருக்கும் வரை மருத்துவக் காப்பீடு தொடர்ந்து இருக்க வேண்டும். பல் சரியில்லை, ரத்த அழுத்தம் என்று அழைப்பு நேரத்தில் கழியும் ஆட்கள் இதனாலேயே குறைவார்கள்.

வெளிநாட்டுப் பணி என்றதும் எல்லாரும் போரைத்தான் நினைக்கிறார்கள். 1993-இல் எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியாவோடு சில மாநிலக் கார்டு படைகள் ஒரு கூட்டுறவைத் தொடங்கின. மேரிலாந்து எஸ்டோனியாவோடு, மிச்சிகன் லாத்வியாவோடு, பென்சில்வேனியா லிதுவேனியாவோடு. அதே வருடம் கலிஃபோர்னியா உக்ரைனோடு சேர்ந்தது. இன்று இந்த ஏற்பாட்டில் நூறு நாடுகளுக்கு மேல் இருக்கின்றன. முழுநேர அதிகாரி இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். பகுதிநேர அதிகாரி அதே ஊரில், அதே யூனிட்டில் இருபது வருடம் இருப்பார். லெப்டினன்டாக இருந்தபோது பழகியவரே எதிர்பக்கம் கர்னலாக வந்து நிற்பார். இந்த நீண்ட பழக்கத்தை முழுநேரப் படையால் தர முடியாது.

கடைசியாக, ஆட்கள். பிரிட்டன் 2013-இல் தன் பகுதிநேரத் தரைப்படையை 2018-க்குள் 30,000 பயிற்சி பெற்றவர்களாக்குவோம் என்று அறிவித்தது, மறுவருடம் பெயரையும் ஆர்மி ரிசர்வ் என்று மாற்றியது. ஒவ்வொரு ரிசர்வ் யூனிட்டையும் ஒரு முழுநேர யூனிட்டோடு இணைத்தது நல்ல யோசனை. எண்ணிக்கையை எட்டத்தான் திணறினார்கள். புதிதாகச் சேர்ப்பதைவிட இருப்பவரைத் தக்கவைப்பது மலிவு. நல்ல சார்ஜென்ட் ஒருவர் உருவாக எட்டுப் பத்து வருடம் ஆகும், பகுதிநேரத்தில் இன்னும் அதிகம். ஆஸ்திரேலியா இதற்குச் செய்த ஏற்பாட்டை நான் கவனமாகப் பார்த்துவருகிறேன். அங்கே சேவையை எண் போட்ட வகைகளாக அடுக்கியிருக்கிறார்கள்: முழுநேரம் 7, அதிலேயே குறைந்த நேரம் 6, அதற்குக் கீழே ரிசர்வின் பல படிகள். குழந்தை பிறந்தவர் ஒரு படி இறங்கலாம், வேலை போனவர் ஒரு படி ஏறலாம். பதவியும் சேவை வருடமும் கோப்பும் கூடவே வரும். முழுநேரப் படையை விட்டு விலகும் முப்பது வயதுக்காரரிடம் அன்றைக்கே, அதே மேஜையில், "எந்தப் படிக்குப் போகிறீர்கள்?" என்று கேட்க முடிகிறது.